உடலுக்குள் சென்சார்: ஸ்டீராய்டா, நைட்ரிக் ஆக்சைடா?

பாறசாலைப் பக்கம் ரத்தச் சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் சென்சாரைக் கையில் ஒட்டிக்கொண்ட சர்க்கரைக்காரர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா மருத்துவ நிறுவனம் உருவாக்கிய இதய வால்வு 1990 முதல் மனித உடலுக்குள் ஓடுகிறது. இந்தச் சென்சாரை மட்டும் ஏன் 14 நாளில் கழற்ற வேண்டும்?

வால்வுக்குத் திறந்து மூடுவது மட்டுமே வேலை. சென்சாருக்கோ திசுநீரிலுள்ள (செல்களுக்கு இடையிலுள்ள நீர்) குளுக்கோஸ் வந்து சேர வேண்டும். அந்நியப் பொருளைக் கண்டதும் உடல் முதலில் புரதத்தைப் பூசுகிறது, பிறகு வெள்ளணுக்களை அனுப்புகிறது, கடைசியில் கொலாஜன் என்ற நார்ப்புரத உறையால் மூடிவிடுகிறது. உறை தடித்தால் குளுக்கோஸ் தாமதமாக வரும், அளவும் பிசகும்.

இதைத் தடுக்க, புரதம் ஒட்டாத வழவழப்பான பூச்சு ஒரு வழி. அது தற்காத்துக்கொள்ளும், அவ்வளவுதான். நீண்ட காலத்துக்கு நான் அதை நம்பமாட்டேன்.

ஸ்டீராய்டுதான் கடைக்கு வந்துவிட்ட வழி. தோலுக்கடியில் முழுதாகப் பதிக்கும் எவர்சென்ஸ் சென்சாரைச் சுற்றியுள்ள வளையம் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைச் சிறுகச் சிறுகக் கசியவிட்டு அழற்சியை அடக்குகிறது. அமெரிக்காவில் 2018-இல் 90 நாளுக்கு அனுமதி பெற்ற அது, 2024-இல் 365 நாளுக்கு வளர்ந்தது. ஸ்டீராய்டு என்றதும் சர்க்கரை ஏறுமே என்று பதற வேண்டாம். இது ஊசியில் ஏற்றும் அளவு அல்ல. என் குறை வேறு: டெக்சாமெத்தசோன் புது ரத்த நுண்குழாய்கள் முளைப்பதையும் தடுக்கக்கூடியது. குளுக்கோஸைக் கொண்டுவருபவையே அந்தக் குழாய்கள்தானே!

நைட்ரிக் ஆக்சைடு அங்கேதான் முந்துகிறது. நம் ரத்தக் குழாய்ச் சுவரே சுரக்கும் வாயு இது. அழற்சியையும் உறையையும் குறைக்கும், நுண்குழாய் வளரத் துணைபோகும், கிருமி ஒட்டுவதையும் தடுக்கும். திசுவில் நொடிக்கணக்கில் மறைந்துவிடுவதால் அதன் வேலை சென்சாரை ஒட்டிய இடத்தோடு நின்றுவிடும். ஆனால் வாயுவைச் சேர்த்துவைத்த பூச்சு தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது. பன்றிகளில் நடந்த சோதனையிலும், சில மணி நேரத்தில் வாயுவைக் கொட்டித் தீர்த்த சென்சாரைவிட, சில நாள் மெல்ல வெளியிட்ட சென்சாரே துல்லியத்தில் மேலாக இருந்தது. இன்னொரு தொல்லை: சென்சாரில் குளுக்கோஸை அளக்கும் மின்முனை இந்த வாயுவையும் உணர்ந்து கணக்கைக் குழப்பக்கூடும், இடையில் தகுந்த சவ்வு வேண்டும்.

ஆகவே, தோலுக்கடியில் ஓராண்டு இருக்க வேண்டுமென்றால் இன்றைக்கு ஸ்டீராய்டுதான். ஓரிரு வாரச் சென்சாருக்கு, குறிப்பாக அளவு தடுமாறும் முதல் சில நாளுக்கு, என் வாக்கு நைட்ரிக் ஆக்சைடுக்கு. தீவிர சிகிச்சையில் ரத்தக் குழாய்க்குள்ளேயே வைக்கும் சென்சார் என்றால் ஸ்டீராய்டைப் போட்டியில் சேர்க்கவே வேண்டாம். அங்கே எதிரி ரத்த உறைவு. ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களை ஒட்டவிடாமல் விலக்குவது நைட்ரிக் ஆக்சைடின் பிறவிக் குணம்.