‘ப்ளீஸ் எக்ஸ்பெடைட்’ எழுதுகிறவர்களுக்கு எந்த அகராதி?

திருப்பூரில் மெர்ச்சண்டைசர் வேலை, அதாவது ஆர்டர் கொடுக்கிறவருக்கும் ஃபேக்டரிக்கும் நடுவில் நின்று வேலையை ஓட்டுவது, என்றால் துணியைத் தொடுவதைவிட கீபோர்டைத் தட்டுவதுதான் அதிகம், அதிலும் ‘ப்ளீஸ் எக்ஸ்பெடைட்’ (expedite, சீக்கிரம் முடியுங்கள்) என்று முடியாத மெயில் அபூர்வம். லேப் டிப் (கலர் சரிபார்க்கச் சாயமேற்றி அனுப்பும் துணி மாதிரி) அப்ரூவல் வரவில்லையா, எக்ஸ்பெடைட். லேபிள் ஆர்ட்வொர்க் இழுக்கிறதா, எக்ஸ்பெடைட். இணையத்தில் சும்மா கிடைக்கிற ஆங்கில அகராதிகளில் எது நம்மைப் போல மெயிலில் பிழைக்கிறவர்களுக்கு உதவும் என்று பார்க்க, இந்த ஒரு வினைச்சொல்லையே எல்லாவற்றிலும் போட்டுத் தேடினேன்.

முதலில் போனில் எல்லோரும் வைத்திருக்கிற ஆங்கிலம்–தமிழ் ஆப் வகையறா. பெயர் வேண்டாம், எல்லாம் ஒரே அச்சுதான். ‘துரிதப்படுத்து, விரைவுபடுத்து, முடுக்கிவிடு’ என்று மூன்று சொல், அதைப் படித்து முடிப்பதற்குள் திரை முழுக்க ரம்மி விளம்பரம். பொருள் தப்பில்லை. ஆனால் தமிழில் வேலையையும் முடுக்கிவிடலாம், ஆளையும் முடுக்கிவிடலாம், ஆங்கிலத்தில் இந்தச் சொல் வேலையோடு மட்டும்தான் சேரும், ஆளோடு சேராது. அதை இந்த ஆப் சொல்லாது. அதனால்தான் புதிதாகச் சேர்ந்த பையன் ‘ப்ளீஸ் எக்ஸ்பெடைட் த டையிங் மாஸ்டர்’ என்று எழுதிவிட்டு நிற்கிறான். எக்ஸ்பெடைட் செய்ய வேண்டியது டையிங்கை, அதாவது சாயமேற்றும் வேலையை. மாஸ்டரை ஏற்கெனவே ஊரே விரட்டிக்கொண்டிருக்கிறது, பாவம்.

இந்த இடத்தில் ஜெயிப்பது காலின்ஸ் கோபில்ட். ஜான் சின்க்ளேர் தலைமையில் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் தயாராகி 1987-இல் வந்த அகராதி, இன்று காலின்ஸ் தளத்தில் இலவசம். இதில் பொருளை ஒற்றைச் சொல்லாகத் தராமல் முழு வாக்கியமாகவே எழுதுவார்கள், ‘இஃப் யூ எக்ஸ்பெடைட் சம்திங்’ என்றுதான் விளக்கமே தொடங்கும். அந்த ‘சம்திங்’ ஒன்று போதும், பின்னால் ஒரு காரியம் வர வேண்டும், ஆள் வரக்கூடாது என்பது இலக்கணப் பாடமே இல்லாமல் மண்டையில் ஏறிவிடும். ஒரு எச்சரிக்கை: அதே பக்கத்தில் கீழே போகப் போக காலின்ஸின் வேறு அகராதிகளும் அமெரிக்க ஆங்கில அகராதியும் வரிசையாக வரும், எல்லாவற்றையும் படித்துக் குழம்ப வேண்டாம், மேலே இருக்கும் கோபில்ட் பகுதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஆக்ஸ்போர்டு அட்வான்ஸ்ட் லேர்னர்ஸ். ஏ.எஸ். ஹார்ன்பி ஜப்பானில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த அனுபவத்தில் உருவாக்கியது, முதலில் 1942-இல் டோக்கியோவில்தான் வெளியானது. ஆங்கிலத்தை வெளியிலிருந்து கற்கிறவனுக்கு எங்கே கால் இடறும் என்று தெரிந்தவர் செய்தது என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. எக்ஸ்பெடைட்டுக்குப் பக்கத்தில் ‘ஃபார்மல்’ என்று ஒரு முத்திரை குத்தி, இணையாக ‘ஸ்பீட் அப்’ என்பதையும் கொடுத்திருக்கிறார்கள். இந்தச் சின்ன முத்திரைதான் நமக்கு முக்கியம். வாரம் முழுக்கப் பெயர் சொல்லிப் பேசிக்கொண்டிருக்கிற பையருக்கு (ஆர்டர் கொடுத்துச் சரக்கு வாங்குகிறவர்) ஒரு நாள் திடீரென்று எக்ஸ்பெடைட் போட்டால் கொஞ்சம் விறைப்பாகத்தான் விழும், அங்கே ‘ஸ்பீட் அப்’ போதும். இதே தளத்தில் ‘ப்ரீபோன்’ (குறித்த தேதிக்கு முன்பே வைப்பது) என்று தேடிப்பாருங்கள், இந்திய ஆங்கிலம் என்று முத்திரை இருக்கும். நாம் தினமும் சொல்கிற சொல்தான், ஆனால் ஜெர்மனியில் இருப்பவர் அதைப் படித்துவிட்டு ஷிப்மென்ட் முன்னால் போகிறதா பின்னால் போகிறதா என்று விழிக்க வாய்ப்பு உண்டு.

லாங்மேன் கன்டெம்பரரி (முதல் பதிப்பு 1978) என் முதல் சாய்ஸ். விளக்கங்களை ஏறக்குறைய 2000 எளிய சொற்களுக்குள்ளேயே எழுத வேண்டும் என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு போட்டுக்கொண்டவர்கள், அதனால் ஒரு சொல்லுக்குப் பொருள் தேடப் போய் அந்தப் பொருளுக்கு இன்னொரு பொருள் தேடும் தொல்லை இல்லை. உச்சரிப்புக்குப் பிரிட்டிஷ், அமெரிக்கன் என்று இரண்டு ஸ்பீக்கர் பொத்தான், எடுத்துக்காட்டு வாக்கியங்களையும் வாசித்துக் காட்டுகிறது. எங்கள் ஆபீஸில் பாதிப் பேர் ‘எக்ஸ்பெடிட்’ என்கிறார்கள், மீதிப் பேர் நடுவில் அழுத்துகிறார்கள். அழுத்தம் முதல் எழுத்தில், முடிவு ‘லைட்’ மாதிரி ‘டைட்’. ஹெட்போன் போட்டு இரண்டு தடவை கேட்டால் சரியாகிவிடும், ஜூம் காலில் பேசுகிறவர்கள் இதற்காகவாவது பாருங்கள்.

மெரியம்-வெப்ஸ்டர் அமெரிக்கக்காரர்களுக்கு எழுதியது, நமக்கு விளக்கம் கொஞ்சம் கடினம். ஆனால் சொல் பிறந்த கதைக்கு அங்கே போகலாம். லத்தீனில் ‘பெட்’ என்றால் கால், சிக்கிய காலை விடுவிப்பது எக்ஸ்பெடைட், காலைக் கட்டிப்போடுவது ‘இம்பீட்’. இரண்டும் ஒரே வேர். நம்ம ஊரில் கால்கட்டு என்றால் கல்யாணம், அதனால் இந்தச் சொல்லை எங்கே பொருத்துவது என்பதை உங்கள் கற்பனைக்கே விட்டுவிடுகிறேன்.

ஒரு குறை எல்லாவற்றுக்கும் பொது. சொல்லின் பொருள் கிடைக்கிறது, அதை மெயிலில் எப்படிப் போட்டால் வேலை நடக்கும் என்பது கிடைக்காது. ‘ப்ளீஸ் எக்ஸ்பெடைட்’ என்று எதை என்றே சொல்லாமல் மொட்டையாக விடுவது நம் ஆபீஸ் பழக்கம், அதற்கு மேல் ‘அட் த எர்லியஸ்ட்’ வேறு சேர்ப்போம், சீக்கிரத்தைச் சீக்கிரமாகச் சீக்கிரப்படுத்தச் சொல்கிற மாதிரி. ‘குட் யூ எக்ஸ்பெடைட் த லேப் டிப் அப்ரூவல்’ என்று எதை என்பதைச் சொல்லி, கூடவே திங்கட்கிழமை பல்க் டையிங் (மொத்தத் துணிக்கும் சாயம்) தொடங்க வேண்டும், தவறினால் சரக்கை விமானத்தில் போட வேண்டிவரும் என்று ஒரு வரி எழுதினால் பதில் வரும் வாய்ப்பு அதிகம். ஏர் ஃபிரைட் செலவு யார் தலையில் என்ற கேள்வி அந்த ஒரு வரியிலேயே எழுந்துவிடும் இல்லையா.

சரி, பணம் செலவழிக்க வேண்டுமா என்றால் இப்போதைக்கு வேண்டாம். ஆக்ஸ்போர்டு ஆப் முழுதாகத் திறக்கக் காசு கேட்கும், ஆபீஸ் நெட்டில் வேலை பார்க்கிறவர்களுக்கு இந்தத் தளங்களே தாராளம். லாங்மேனையும் கோபில்டையும் புக்மார்க் செய்துகொள்ளுங்கள், அந்த ரம்மி விளம்பர ஆப்பை இன்றைக்கே போனிலிருந்து தூக்கிவிடலாம்.