கருப்பு வயர் நியூட்ரலா பேஸா? ஊருக்கு ஊர் மாறுற வயர் கலர்ல எது நல்லது

கருப்பு வயர் என்னன்னு நம்ம ஊர் வயர்மேன் யாரைக் கேட்டாலும் யோசிக்காம நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போற வயர்னு சொல்லிடுவாரு. அமெரிக்காவுல ஒரு எலக்ட்ரீஷியனைக் கேட்டா அவரும் அதே வேகத்துல அது பேஸ், கரண்ட் வர்ற வயர், கை வைக்காதேன்னு சொல்லுவாரு. ரெண்டு பேரும் சொல்றது சரிதான், அவங்கவங்க ஊர்ல. துபாய், சிங்கப்பூர்னு வேலைக்குப் போறவங்க, வெளிநாட்டு மெஷின் இறக்கி ஓட்டுறவங்க எல்லாரும் இதைத் தெரிஞ்சு வச்சிக்கணும்னு நினைக்கிறேன், ஏன்னா இங்க தப்பு நடந்தா போறது உசுரு.

முதல்ல நம்ம முறை. சிங்கிள் பேஸ்னா சிவப்பு பேஸ், கருப்பு நியூட்ரல், பச்சை எர்த்து. த்ரீ பேஸ்னா சிவப்பு, மஞ்சள், நீலம், அதைத்தான் ஆர் ஒய் பின்னு சொல்றோம். இது பழைய பிரிட்டிஷ் முறை, அவங்க ஆண்ட பல இடங்கள்ல இதான் இருந்துச்சு. இதுல ஒரு விஷயம் பலபேர் கவனிக்கிறதில்ல, வீட்டுக்கு த்ரீ பேஸ் கனெக்‌ஷன் இருந்து மாடிக்கு பி பேஸ் கொடுத்திருந்தா அங்க பேஸ் வயர் நீலமா இருக்கும். அதே வீட்டுல நீங்க வாங்குற கிரைண்டர், அயர்ன் பாக்ஸ் கார்டை பிரிச்சுப் பாத்தா பிரவுன், நீலம், பச்சை மஞ்சள்னு இருக்கும், அதுல நீலம் நியூட்ரல். சுவத்துக்குள்ள நீலம் பேஸ், சுவத்துக்கு வெளிய நீலம் நியூட்ரல். ஒரே வீட்டுக்குள்ளயே இப்படி.

அந்த பிரவுன் நீலம் தான் ஐஇசி முறை, அதாவது சர்வதேச மின் தர அமைப்போட முறை, ஐரோப்பா முழுக்க இப்ப இதான். பிரவுன் பேஸ், நீலம் நியூட்ரல், பச்சை மேல மஞ்சள் கோடு போட்டது எர்த்து. த்ரீ பேஸ்க்கு பிரவுன், கருப்பு, சாம்பல். இங்கிலாந்துல பிளக் கார்டுக்கு இது 1970 வாக்குலயே வந்துடுச்சு, ஆனா சுவத்து வயரிங் மட்டும் சிவப்பு கருப்பாவே ஓடிட்டு இருந்துச்சு. 2004 மார்ச் கடைசியிலேர்ந்து புது கலர் போடலாம்னு விட்டு, 2006 ஏப்ரல்லேர்ந்து புதுசா போடுற வேலைக்கு அதைத்தான் போடணும்னு ஆக்குனாங்க. சிங்கப்பூரும் 2009ல மாறிடுச்சு.

இந்த மாத்தத்துல தான் சிக்கலே. நேத்து வரைக்கும் கருப்பு நியூட்ரல், நீலம் பேஸ். இன்னைக்கு கருப்பு பேஸ், நீலம் நியூட்ரல். புது கலரா ஏதாவது கொண்டு வந்திருந்தா பாக்குறவன் உஷாராவான், இது இருந்த ரெண்டு கலரையே இடம் மாத்தி வச்ச மாதிரி ஆயிடுச்சு. பழைய கட்டடத்துல புது வேலை சேத்தா போர்டு மேல ரெண்டு கலர் முறையும் இதுல இருக்கு, ஜாக்கிரதைன்னு எச்சரிக்கை ஒட்டணும்னு அப்ப இங்கிலாந்துல ரூலே போட்டாங்க. சிங்கப்பூர்ல பழைய பிளாக்குல வேலை பாக்குற நம்ம பசங்க, மெயின் போர்டுல கருப்பைப் பாத்தா எந்த வருஷத்து வயரிங்னு முதல்ல கேக்கணும்.

அமெரிக்கா தனி உலகம். அங்க என்இசிங்கிற தேசிய வயரிங் விதி, நியூட்ரலுக்கு வெள்ளை இல்லன்னா சாம்பல், எர்த்துக்கு பச்சை, பச்சை மஞ்சள் இல்லன்னா தோலில்லாத வெறும் செம்புக் கம்பின்னு கட்டாயமா சொல்லுது. பேஸ் கலர் பெரும்பாலும் பழக்கத்துல வந்தது, வீட்டுல கருப்பும் சிவப்பும். கருப்புக்கும் வெள்ளைக்கும் நடுவுல 120 வோல்ட், கருப்புக்கும் சிவப்புக்கும் நடுவுல 240 வோல்ட். இப்ப நம்ம ஆளு ஒருத்தர் அங்க சிவப்பு, கருப்பு வயரைப் பாத்து மீட்டர் வச்சா 240 காட்டும், ஆஹா நம்ம ஊர் மாதிரியே பேஸ் நியூட்ரல்னு நினைச்சுட்டு சிவப்பை மட்டும் கட் பண்ணுவாரு, கருப்புல 120 வோல்ட் அப்படியே நிக்கும். ஃபேக்டரியில 480 வோல்ட்டுக்கு பிரவுன், ஆரஞ்சு, மஞ்சள் பேஸாவும் சாம்பல் நியூட்ரலாவும் போடுறது வழக்கம். சாம்பல் ஐரோப்பாவுல மூணாவது பேஸ், அமெரிக்காவுல நியூட்ரல். பழைய வீட்டு சுவிட்ச்ல வெள்ளை வயரையே பேஸா இழுத்திருப்பாங்க, அதுக்கு கருப்பு டேப் சுத்தி அடையாளம் வைக்கணும்.

சைனாவுல த்ரீ பேஸ் மஞ்சள், பச்சை, சிவப்பு. ஆமா, பச்சை அங்க பேஸ். நம்ம பழக்கத்துல வெறும் பச்சையை எர்த்துன்னு பிடிச்சா அவ்வளவு தான். ஆனா அவங்களுக்கும் எர்த்து பச்சை மஞ்சள் கோடு தான்.

சரி எது நல்லது? எர்த்துக்கு பச்சை மஞ்சள் கோடு, இதுல எனக்கு சந்தேகமே இல்ல. சிவப்பு பச்சை வித்தியாசம் தெரியாத ஆம்பளைங்க நிறைய பேர் இருக்காங்க, அவங்களுக்குக் கூட கோடு தெரியும். ஜெர்மனியில பழைய கட்டடங்கள்ல எர்த்து சிவப்பாவே இருந்துச்சு, நம்ம ஊர் ஆள் அதைப் பேஸ்னு தான் நினைப்பாரு. கோடு போட்டதை யாரும் எங்கயும் பேஸா நினைக்க மாட்டாங்க. நம்ம ஊர்லயும் வெறும் பச்சை ரோலை விட்டுட்டு கோடு போட்டதையே வாங்குங்க.

சிங்கிள் பேஸுக்கு பிரவுன் நீலத்துக்கே என் ஓட்டு, நம்ம வாங்குற சாமான் எல்லாம் ஏற்கனவே அதுல தான் வருது. ஆனா த்ரீ பேஸுக்கு நம்ம ஆர் ஒய் பி தான் மேல். மங்கலான வெளிச்சத்துல தூசி படிஞ்ச போர்டுல பிரவுனும் கருப்பும் கிட்டத்தட்ட ஒண்ணாத் தெரியும். சிவப்பு, மஞ்சள், நீலம் அப்படி இல்ல. ரெண்டு பேஸ் இடம் மாறுனா போர் மோட்டார் எதிர்ப்பக்கம் சுத்தும், தண்ணி ஒழுங்கா ஏறாது, அதனால வரிசை கண்ணுக்குப் பளிச்சுன்னு தெரியறது முக்கியம்.

திருப்பூர், கோயம்புத்தூர் பக்கம் வெளிநாட்டு மெஷின் வாங்குறவங்களுக்கு இன்னொண்ணு. மெஷின் பேனலுக்குள்ள கட்டட வயரிங் கலர் செல்லாது, அதுக்குத் தனி ஐஇசி விதி இருக்கு. அதுப்படி மூணு பேஸும் கருப்பாவே இருக்கலாம், ஏசி கன்ட்ரோல் வயர் சிவப்பு, டிசி கன்ட்ரோல் வயர் கருநீலம், நியூட்ரல் வெளிர் நீலம். நம்ம லைன்லேர்ந்து வர்ற கருப்பை எடுத்து மெஷின் கருப்புல கட்டுனா நியூட்ரலைக் கொண்டு போய் பேஸ்ல கட்டுன கதை. டெர்மினல்ல மூணு பேஸுக்கு எல்1, எல்2, எல்3, நியூட்ரலுக்கு என் னு எழுதியிருக்கும், அதைப் பாத்து கட்டுங்க, மெயினை ஆஃப் பண்ணி டெஸ்டரோட நிக்காம மீட்டர் வச்சு ஒவ்வொண்ணா பாத்துட்டு, கட்டி முடிச்ச பிறகு ரெண்டு முனையிலயும் நம்பர் ஸ்லீவ் போட்டு விடுங்க.