கற்பித்தல் வடிவமைப்பில் முதுகலை: இரண்டாண்டுப் படிப்பை முடித்தபின் ஒரு மதிப்புரை

கற்பித்தல் வடிவமைப்பையும் கல்வித் தொழில்நுட்பத்தையும் சேர்த்துக் கற்பிக்கும் முதுகலைப் படிப்பு ஒன்றை, வேலையை விடாமல், இணையவழியில் இரண்டாண்டுகள் படித்து அண்மையில் முடித்தேன். அதற்கு முன்பே எட்டு ஆண்டுகளாக நிறுவனப் பயிற்சிக்கான மின்பாடங்களைத் தயாரித்து வந்தவன் என்பதால், பழக்கத்தில் செய்துகொண்டிருந்த வேலைக்கு அடிப்படை தேடியே சேர்ந்தேன். பாடத்தை உருவாக்கும் முன் என்னென்ன கேட்கவேண்டும் என்பதை இந்தப் படிப்பு மிகச் சிறப்பாகக் கற்றுத்தந்தது. உருவாக்கிய பாடம் பலன் தந்ததா என்று கண்டறியும் வாய்ப்பை ஏறக்குறைய தரவேயில்லை. சேர நினைப்பவர்கள் இவ்விரண்டையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

முதல் பருவம் முழுவதும் தேவைப் பகுப்பாய்வுக்கே ஒதுக்கப்பட்டிருந்தது. இத்துறையில் ‘ஆடி’ (ADDIE) என்று ஆங்கில முதலெழுத்துகளால் சுருக்கமாக வழங்கும் ஐந்து படிநிலைகள், 1975-இல் ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகம் அமெரிக்க ராணுவத்துக்காக உருவாக்கிய பயிற்சி முறையிலிருந்து வளர்ந்தவை. பகுப்பாய்வு, வடிவமைப்பு, உருவாக்கம், செயலாக்கம், மதிப்பீடு என்ற அந்த வரிசையைத் துறையில் உள்ள அனைவரும் அறிவோம். ஆனால் வேலையிடத்தில் முதல் படி ஒரு மணிநேரக் கூட்டத்தோடு முடிந்துவிடும். ‘இந்தப் பொருளில் ஒரு பாடம் வேண்டும்’ என்று கேட்டு வருபவர்களுக்கு அதைச் செய்துகொடுப்பதே வழக்கமாக இருந்தது. அது பாடத்தால் தீரக்கூடிய சிக்கல்தானா என்ற கேள்வியை எவரும் எழுப்புவதில்லை, நானும் எழுப்பியதில்லை.

1978-இல் தாமஸ் கில்பர்ட் முன்வைத்த ஆறு கட்டங்கள் கொண்ட மாதிரியை வைத்து எங்களுக்கு ஒரு பணி கொடுத்தார்கள். தகவல், கருவிகள், ஊக்கத்தொகை ஆகிய மூன்றும் சூழலைச் சார்ந்தவை; அறிவு, திறன், உள்ளார்ந்த விருப்பம் ஆகிய மூன்றும் ஆளைச் சார்ந்தவை. ஒருவர் வேலையைச் சரியாகச் செய்யாதபோது, ஆளைப் பார்க்கும் முன் சூழலைப் பார்க்கவேண்டும் என்பதே அந்த மாதிரியின் சாரம். நான் எடுத்துக்கொண்டது ஒரு கிடங்கில் திரும்பி வரும் பொருட்களைப் பதிவு செய்வதில் நேர்ந்த பிழைகளை. அங்கே பயிற்சி வேண்டுமென்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது. இரண்டு நாட்கள் ஊழியர்களின் அருகில் உட்கார்ந்து பார்த்தபோது, படிவத்தில் அடுத்தடுத்து இருந்த இரண்டு கட்டங்களுக்கு ஏறக்குறைய ஒரே பெயர் இருந்ததும், பிழைகளில் பெரும்பாலானவை அந்த இரண்டு கட்டங்களிலேயே விழுந்ததும் தெரியவந்தன. கட்டத்தின் பெயரை மாற்றச் சொல்லி அறிக்கை எழுதினேன். பாடம் எதுவும் உருவாக்கவில்லை. ‘பாடம் வேண்டாம்’ என்ற முடிவுக்கு முழு மதிப்பெண் தரும் படிப்பு என்பதாலேயே இதன் மீது எனக்குப் பெருமதிப்பு ஏற்பட்டது.

அதே கண்டிப்பு கற்றல் நோக்கங்களை எழுதுவதிலும் இருந்தது. ‘பாடத்தின் முடிவில் கற்பவர் பாதுகாப்பு விதிகளைப் புரிந்துகொள்வார்’ என்று நான் எழுதிய வரி, புரிந்துகொண்டார் என்பதை எதைப் பார்த்து அறிவீர்கள் என்ற ஒற்றைக் கேள்வியோடு மூன்று முறை திரும்பி வந்தது. கண்ணால் காணத்தக்க செயல், அது நடக்கும் சூழ்நிலை, ஏற்கத்தக்க தரம் ஆகிய மூன்றும் ஒரு நோக்கத்தில் இருக்கவேண்டும் என்று 1962-இலேயே ராபர்ட் மேகர் வலியுறுத்தினார். அந்த மூன்றும் அமையும்படி வரியைத் திருத்தி முடித்தபோது, தேர்வுக் கேள்வி தானாகவே கண்முன் நின்றது. பெஞ்சமின் புளூம் குழுவினர் 1956-இல் வகுத்து, 2001-இல் திருத்தியமைக்கப்பட்ட கற்றல் நோக்கங்களின் படிநிலைகளும், ஒரு பாடம் வரிசையாகச் செய்யவேண்டியவை என்று ராபர்ட் கேக்னே சொன்ன ஒன்பது கற்பித்தல் நிகழ்வுகளும் வழக்கமான முறையில் நடத்தப்பட்டன. அவற்றில் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை.

கற்றல் உளவியல் தாளை இந்தப் படிப்பின் மிக வளமான பகுதி என்று சொல்வேன். ஒரே நேரத்தில் மனம் தாங்கக்கூடிய சுமைக்கு எல்லை உண்டு என்பதிலிருந்து ஜான் ஸ்வெல்லர் 1988-இல் தொடங்கிய ஆய்வையும், படமும் சொல்லும் சேரும்போது கற்றல் எப்படி நடக்கிறது என்று ரிச்சர்ட் மேயர் நடத்திய சோதனைகளையும் மூலக் கட்டுரைகளிலேயே படித்தோம். படத்தை விளக்கும் குரல் ஒலிக்கும்போது, அதே சொற்களைத் திரையிலும் முழுமையாக எழுதிக்காட்டினால் கற்றல் கூடுவதற்குப் பதிலாகக் குறையக்கூடும் என்பது அவற்றுள் ஒன்று. அப்படியானால் செவித்திறன் குறைந்தவர்களுக்குத் தேவையான வசன எழுத்துகளை என்ன செய்வது என்று வகுப்பில் எழுந்த விவாதம் இரண்டு வாரங்கள் நீண்டது. எழுத்தைக் கற்பவரே திறக்கவும் மூடவும் வழி செய்வதே சரி என்ற முடிவு எளிமையானதுதான். ஆனால் ஆய்வு முடிவு ஒன்றை எவருக்கு, எந்தச் சூழலில் பொருத்துகிறோம் என்று பார்க்காமல் விதியாக்கிவிடக் கூடாது என்ற தெளிவு அந்த விவாதத்தில்தான் கிடைத்தது.

இதே தாளில் ஒரு வகுப்பு முழுவதும் துறையில் உலவும் தவறான நம்பிக்கைகளுக்காகச் செலவிடப்பட்டது. படிப்பதில் 10 விழுக்காடும் செய்வதில் 90 விழுக்காடும் நினைவில் நிற்கும் என்று காட்டும் கூம்பு வரைபடத்தைப் பலரும் பார்த்திருப்பார்கள். எட்கர் டேல் 1946-இல் வரைந்த கூம்பில் எண்களே கிடையாது. அவை பின்னர் எவராலோ சேர்க்கப்பட்டவை. அந்த வரைபடத்தை நானே பயிற்சி வகுப்புகளில் காட்டியிருக்கிறேன் என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன்.

கருத்தரங்குகளில் என்றும் மறக்கமுடியாதது ஊடகம் பற்றிய வாதம். ஊடகம் பாடத்தைக் கொண்டுசேர்க்கும் வண்டி மட்டுமே, கற்றலை உண்டாக்குவது கற்பிக்கும் முறையே என்று ரிச்சர்ட் கிளார்க் 1983-இல் எழுதினார். ஒவ்வோர் ஊடகத்துக்கும் உள்ள தனித்தன்மை கற்பவரின் சிந்தனையோடு ஊடாடுகிறது என்று ராபர்ட் கோஸ்மா மறுத்தார். இருதரப்புக்கும் சான்று தேடி வாதிடச் சொன்னார்கள். புதிய கருவி ஒன்று வந்தவுடன் ‘இனிக் கற்றல் மாறிவிடும்’ என்ற அறிவிப்பும் கூடவே வரும் காலத்தில், கல்வித் தொழில்நுட்பம் படிக்கும் எவரும் இந்த வாதத்தைக் கடந்துசெல்லாமல் பட்டம் பெறக்கூடாது.

இந்த ஆழம் தொழில்நுட்பத் தாள்களில் இல்லை. ஒரேயொரு பாட உருவாக்க மென்பொருளைப் பொத்தான் பொத்தானாகச் சொல்லிக்கொடுத்தார்கள். அதை அதன் பயிற்சிக் காணொளிகளைப் பார்த்தே கற்றுக்கொள்ளலாம். பாடமும், அதைக் கற்பவருக்கு வழங்கி அவர் முன்னேற்றத்தைப் பதிவு செய்யும் கற்றல் மேலாண்மை அமைப்பும் பேசிக்கொள்ளும் முறைக்கு ஒரு வாரம் மட்டுமே கிடைத்தது. அதற்கான தரநிலைகளுள் ஒன்றான, 2001-இல் வெளிவந்த ஸ்கார்ம் (SCORM) 1.2 இன்றும் பல இடங்களில் புழங்குகிறது. அதில் கற்பவர் விட்ட இடத்தைச் சேமிக்க 4,096 எழுத்துகளுக்கு மட்டுமே இடமுண்டு என்பதையும், கிளைகள் மிகுந்த நீண்ட பாடம் அந்த எல்லையைத் தாண்டினால் கற்பவர் மீண்டும் முதலிலிருந்து தொடங்க நேரும் என்பதையும் நான் வேலையில் அடிபட்டுத்தான் அறிந்தேன். 2013-இல் முதல் பதிப்பு வந்த எக்ஸ்-ஏபிஐ (xAPI) என்ற புதிய தரநிலை, பாடத்துக்கு வெளியே நடக்கும் கற்றலையும் பதிவு செய்ய வழி திறந்தது. அதற்குக் கிடைத்ததோ இரண்டு சறுக்குப்படங்கள். வேலைக்குப் போகும் புதியவர் ஒருவர் இந்தத் தாள்களை மட்டும் நம்பினால் முதல் மாதத்திலேயே திணறுவார்.

ஆனால் எனக்குப் பெரிய குறையாகத் தோன்றுவது வேறு. டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-இல் வகுத்த நான்கு நிலை மதிப்பீட்டை, அதாவது கற்பவரின் கருத்து, கற்றல், வேலையில் நடத்தை மாற்றம், விளைவு ஆகியவற்றை, விரிவாகவே கற்பித்தார்கள். இறுதித் திட்டப்பணியிலோ 15 வாரங்களில் 12 வாரம் உருவாக்கத்துக்கே போய்விட்டது. சோதனைக்கு மிஞ்சிய நாட்களில் சக மாணவர்களே ஒருவர் பாடத்தை ஒருவர் பார்த்துக் கருத்து எழுதினோம். அவர்கள் இத்துறையை அறிந்தவர்கள். பாடம் யாருக்காக எழுதப்பட்டதோ அவர்கள் அல்லர். பணிகளுக்கான பின்னூட்டமும் சில தாள்களில் அடுத்த பணியை ஒப்படைத்த பிறகே வந்தது. உரிய நேரத்தில் பின்னூட்டம் ஏன் வேண்டும் என்று கற்பிக்கும் துறையில் இது ஏற்கத்தக்கதன்று.

பட்டம் பெற்றபின் என் திட்டப்பணிப் பாடத்தை, அதற்குரிய கற்பவர்கள் நால்வரிடம் தனித்தனியாகக் கொடுத்து, பேசாமல் அருகில் உட்கார்ந்து பார்த்தேன். சக மாணவர்கள் மிகவும் பாராட்டியிருந்த ஏழாவது திரையில் நால்வரில் மூவர் நின்றுவிட்டார்கள். அடுத்து எதைச் செய்யவேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. ஒரு பிற்பகலில் கிடைத்த அந்த அறிவு இரண்டாண்டுகளில் எனக்குக் கிடைக்கவில்லை என்பதை ஆதங்கத்தோடு பதிவு செய்கிறேன்.

ஏற்கெனவே ஆசிரியராகவோ பயிற்சியாளராகவோ இருப்பவர்களுக்கு இத்தகைய படிப்பைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். கற்றதை மறுநாளே பொருத்திப் பார்க்க அவர்களிடம் கற்பவர்கள் இருக்கிறார்கள். மென்பொருள் தேர்ச்சி மட்டும் வேண்டுபவர்களுக்கு இரண்டாண்டு தேவையில்லை. சேரும் முன், முன்னாள் மாணவர்களின் மெருகேறிய பாடங்களைக் காட்டினால் அவற்றோடு நின்றுவிடாமல், அவர்கள் எழுதிய தேவைப் பகுப்பாய்வு அறிக்கை ஒன்றையும் கேட்டுப் படியுங்கள். திட்டப்பணியை உரிய கற்பவர்களிடம் சோதிக்க எத்தனை வாரங்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன என்பதையும், அந்தக் கற்பவர்களை யார் ஏற்பாடு செய்கிறார்கள் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.