இட் ஹேப்பன்ட் ஒன் நைட் ப்ளூரே: ராத்திரி சீனுக்காகவே வாங்கலாம்

ரொமான்டிக் காமெடின்னா கலர் கலரா டிரஸ், ஃபாரின் லொகேஷன், நாலு பாட்டுன்னு பழகிப்போன நமக்கு 1934ல வந்த ஒரு கருப்பு வெள்ளைப் படம் எதுக்குன்னு கேக்குறவங்க முதல்ல இந்த டிஸ்க்க போட்டு பாக்கணும். ஃப்ராங்க் காப்ரா எடுத்த இட் ஹேப்பன்ட் ஒன் நைட், அத 4கேல, அதாவது ரொம்ப நுணுக்கமா ஸ்கேன் பண்ணி, பழுது நீக்கி ரெஸ்டோர் பண்ணத, பழைய நல்ல படங்கள டிஸ்க்கா போடுற அமெரிக்க கம்பெனி கிரைட்டீரியன் 2014ல சாதாரண ப்ளூரேவா விட்டாங்க. படம் பத்தி எல்லாரும் எழுதியாச்சு, ஆனா அந்த ரெஸ்டோரேஷன் படத்துக்கு என்ன செஞ்சிருக்குன்னு யாரும் சரியா சொல்லல, அதனாலதான் இத எழுதுறேன்.

கதை தெரியாதவங்களுக்கு சுருக்கமா. அப்பாவுக்கு பிடிக்காத ஒருத்தன கல்யாணம் பண்ணிக்கிட்ட பணக்கார வீட்டு பொண்ணு எல்லி, அப்பா கப்பல்ல அடைச்சு வச்சதும் மயாமில தண்ணில குதிச்சு தப்பிச்சு நியூயார்க் போற நைட் பஸ்ல ஏறிடுறா, அதே பஸ்ல வேலை போன பத்திரிகை நிருபர் பீட்டர். க்ளாடெட் கோல்பெர்ட், க்ளார்க் கேபிள். மீதிய நீங்களே பாருங்க. நம்மாளுங்க பல பேருக்கு கதை ஏற்கனவே தெரிஞ்சிருக்கும், நம்ம ஏவிஎம் 1956ல ராஜ் கபூர், நர்கிஸ வச்சு எடுத்த சோரி சோரி இதே கதைதான், 1991ல ஆமிர் கான் நடிச்ச தில் ஹை கே மான்தா நஹியும் இதுதான்.

இப்ப விஷயத்துக்கு வரேன். இந்தப் படத்துல முக்கியமானது எல்லாமே ராத்திரிலதான் நடக்குது. பஸ்ஸுக்குள்ள, மழைல, ஆத்துல, வைக்கோல் போர் பக்கத்துல. பழைய டிவிடில இந்த சீனெல்லாம் ஒரே சாம்பல் கலங்கலா இருக்கும், மூஞ்சி எங்க முடியுது இருட்டு எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியாது, வசனத்த கேட்டு சிரிச்சுட்டு போயிடுவோம். இதுல கருப்பு கருப்பாவே இருக்கு. பீட்டர் எல்லிய தோள்ல தூக்கிக்கிட்டு ஆத்த கடக்குற சீன் இருக்குல்ல, அதுல தண்ணி மேல நிலா வெளிச்சம் மினுமினுன்னு துண்டு துண்டா ஓடுறது தெரியுது, ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கிட்டே போறாங்க ஆனா வெளிச்சம் மட்டும் இது காதல் சீன்னு சொல்லிடுது. ஜோசப் வாக்கர்ங்குற கேமராமேன் எவ்ளோ பெரிய ஆளுன்னு எனக்கு இந்த டிஸ்க்லதான் புரிஞ்சுது.

அதவிட முக்கியம் அந்த ரூம் சீன். ரெண்டு கட்டிலுக்கு நடுவுல கயிறு கட்டி போர்வைய தொங்க விட்டுட்டு ஆளுக்கு ஒரு பக்கம் படுத்திருப்பாங்க. ரெண்டாவது தடவ அப்படி தங்குறப்போ பீட்டர் தனக்கு எப்படிப்பட்ட பொண்ணு வேணும், அவள எந்த தீவுக்கு கூட்டிட்டு போகணும்னு பேசிக்கிட்டே இருக்க, எல்லி போர்வைய தாண்டி வந்து நிப்பா. அந்த நேரம் கோல்பெர்ட் கண்ணுல தேங்குற ஈரம் இப்ப அவ்ளோ தெளிவா தெரியுது. காமெடி படம் பாத்துக்கிட்டு இருக்கோம்னே மறந்து போச்சு எனக்கு. ரெஸ்டோரேஷன்னா கீறல் எடுக்குறது மட்டும் இல்ல, நடிப்ப திருப்பி கொடுக்குறது.

பஸ்ல பசில மயங்கி விழுற அம்மா, பக்கத்துல அழுற பையன், அந்த சீனும் அப்படித்தான். அமெரிக்கால பெரும் பஞ்சம் மாதிரி பொருளாதாரமே படுத்துக் கெடந்த காலம், பஸ்ல இருக்குற ஜனங்க மூஞ்சி ஒவ்வொண்ணும் இப்ப தனித்தனியா தெரியுறதால அந்தக் காலம் படத்துக்குள்ள நேரா வந்து உக்காந்துடுது.

நல்ல வேளை ஃபிலிமோட கிரெயின, அதாவது ஃபிலிம்ல இயல்பாவே இருக்குற பொடிப்பொடி புள்ளிகள, வழிச்செடுத்து மூஞ்சிய மெழுகு பொம்ம மாதிரி ஆக்கல. சில எடத்துல, முக்கியமா ஒரு சீன் கரைஞ்சு அடுத்த சீன் வர்றப்போ, பிக்சர் கொஞ்சம் மங்குது, ஆனா அந்தக் காலத்துல டிசால்வ் பண்ண ஃபிலிம இன்னொரு காப்பி எடுத்துத்தான் ஆகணும் அதனால அது இருக்கத்தான் செய்யும். ரெண்டு பக்கமும் கருப்பு பட்டை வரும், படம் எடுத்த சைஸே சதுரத்துக்கு பக்கம்தான், தயவு செஞ்சு டிவில ஸ்ட்ரெச் போட்டுடாதீங்க. சவுண்ட் மோனோ. பின்னணி இசை அனேகமா கெடையாது, பஸ் இரைச்சலும் மழையும் பேச்சும்தான், அது சுத்தமா கேக்குது. இங்கிலீஷ் சப்டைட்டில் இருக்கு, அது வேணும், ஏன்னா கேபிள் பேசுற வேகம் அப்படி.

எக்ஸ்ட்ராஸ்ல காப்ராவோட முதல் படம், 1921ல கிப்ளிங் கவிதைய வச்சு எடுத்த சின்ன மௌனப்படம், அது இருக்கு, கட்டாயம் பாருங்க. மோலி ஹாஸ்கெல், ஃபிலிப் லோபேட் ரெண்டு விமர்சகர்களும் உக்காந்து ஸ்க்ரூபால் காமெடி, அதாவது இந்தப் படம் மாதிரி ஜோடி சண்டை போட்டுக்கிட்டே காதலிக்கிற அந்தக் கால காமெடி, பத்தி பேசுறது ரொம்ப நல்லா இருக்கு. காப்ரா பத்தின 1997 டாக்குமென்டரி முழுசா இருக்கு. 1982ல அவருக்கு நடந்த பாராட்டு விழா ரொம்ப நீளம், பாதில நிறுத்திட்டேன். படம் ஓடுறப்போவே யாராவது அதப் பத்தி பேசிக்கிட்டு வர்ற கமெண்டரி ட்ராக் இல்லாதது பெரிய குறை, அஞ்சு முக்கிய ஆஸ்கரையும் மொத்தமா அள்ளுன முதல் படத்துக்கு அது கண்டிப்பா இருந்திருக்கணும்.

வாங்குறதுக்கு முன்னாடி ஒண்ணு கவனிங்க. ப்ளூரே டிஸ்க்கும் ப்ளேயரும் ஏ, பி, சின்னு உலகத்த மூணு ரீஜனா பிரிச்சு வச்சிருக்கும், ரெண்டும் ஒத்துப்போனாத்தான் ஓடும், அமெரிக்க கிரைட்டீரியன் டிஸ்க் ரீஜன் ஏ. சிங்கப்பூர், மலேசியால இருக்குறவங்களுக்கு பிரச்சினை இல்ல, அங்க ப்ளேயரும் ரீஜன் ஏ தான். இந்தியா ரீஜன் சி, இங்க வாங்குன சாதாரண ப்ளேயர்ல ஓடாது, எல்லா ரீஜனும் ஓடுற ப்ளேயர் வேணும். 4கே ப்ளேயர் வச்சிருக்கவங்க சோனியோட கொலம்பியா க்ளாசிக்ஸ் மூணாவது பாக்ஸ் செட்ட பாக்கலாம், அதுல இந்தப் படம் 4கே டிஸ்க்லயே இருக்கு, 4கே டிஸ்க்குக்கு ரீஜன் தொல்லை கெடையாது, ஆனா கூட இன்னும் அஞ்சு படத்தையும் சேத்து வாங்கியாகணும், விலை அதுக்கு தகுந்த மாதிரி ஏறிடும். ஒரு படம் மட்டும் போதும்னா கிரைட்டீரியனே வாங்குங்க.