குடும்பப் படங்களை உறவுக்குள் வைத்துக்கொள்ளுதல்: என்டே செயலியின் நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

எங்கள் வீட்டுப் படங்களைச் சில ஆண்டுகளாக என்டே (Ente) என்னும் புகைப்படச் செயலியில் சேமித்து வருகிறோம். கோபிசெட்டிபாளையத்துக்கு அருகே தோட்டத்துச் சாளையில் (தோட்டத்து வீட்டில்) அப்பாவும் அம்மாவும், திருப்பூரில் அண்ணன் குடும்பம், ஈரோட்டில் நாங்கள், சிங்கப்பூரில் தங்கை என்று ஆளுக்கொரு ஊரில் வாழும் குடும்பத்துக்கு இந்த ஏற்பாடு எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது, எங்கே கைவிரிக்கிறது என்பதை, இதே யோசனையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

அதற்கு முன்பு எல்லோரையும் போல நாங்களும் கூகுள் போட்டோஸில்தான் இருந்தோம். 2021 ஜூன் 1 முதல் அங்கே அளவற்ற இலவசச் சேமிப்பு நின்றுபோய், மின்னஞ்சலுக்கும் படங்களுக்கும் சேர்த்து 15 ஜிபி என்றானது. எங்கே போனாலும் பணம் கட்டித்தான் ஆகவேண்டும் என்ற நிலை வந்தபிறகு, கட்டும் பணத்துக்கு எந்த மாதிரிப் பாதுகாப்பு கிடைக்கிறது என்று விசாரிக்கத் தொடங்கினோம். கூகுள் போட்டோஸில் படங்கள் குறியாக்கம் செய்யப்பட்டே, அதாவது சாவி இல்லாதவர் பார்க்க முடியாதபடி பூட்டப்பட்டே இருக்கின்றன. ஆனால் அதன் சாவி நிறுவனத்திடம் இருக்கிறது. மருத்துவருக்கு அனுப்புவதற்காகத் தன் சிறு மகனின் உடலைப் படம் எடுத்த சான் பிரான்சிஸ்கோ தந்தை ஒருவரின் கணக்கை அந்நிறுவனத்தின் தானியங்கிச் சோதனை முடக்கிவிட்டதும், குற்றம் எதுவும் இல்லை என்று காவல்துறை சொன்ன பின்னும் கணக்கு திரும்பக் கிடைக்காததும் 2022இல் செய்தியாக வந்தன. குளிப்பாட்டும்போது எடுத்த குழந்தைப் படங்கள் எந்த வீட்டில்தான் இல்லை?

என்டேயில் ஒவ்வொரு படமும் நம் போனிலேயே பூட்டப்பட்ட பிறகுதான் வெளியே போகிறது. சாவி நம்மிடம் மட்டுமே இருப்பதால் அந்நிறுவனத்தாராலும் படத்தைத் திறந்து பார்க்க முடியாது. முகங்களை அடையாளம் கண்டு பிரித்துத் தரும் வேலைகூடப் போனுக்குள்ளேயே நடக்கிறது. செயலியின் நிரலை (அதை இயக்கும் கணினிக் கட்டளைகளை) எவரும் பார்க்கும்படி திறந்து வைத்திருக்கிறார்கள். படங்களின் நகல்களை மூன்று இடங்களில் வைக்கிறார்கள். ஒருவர் கட்டும் திட்டத்தைக் குடும்பத்தில் மேலும் ஐந்து பேர் வரை கூடுதல் கட்டணமின்றிப் பகிர்ந்துகொள்ளலாம் என்பது எங்களைப் போன்ற குடும்பத்துக்கு மிகவும் பொருந்தியது.

இத்தனை இருந்தும், இந்த ஏற்பாடு நிலைத்ததற்குக் காரணம் அம்மாவால் இதை எளிதாகப் பயன்படுத்த முடிந்ததுதான் என்று உறுதியாகச் சொல்வேன். அவருடைய போனில் செயலி எதையும் நாங்கள் ஏற்றவில்லை. ஓர் ஆல்பத்துக்கு மட்டும் லிங்க் உருவாக்கி, அதற்குப் பாஸ்வேர்டு வைத்து, பதிவிறக்கத்தை நிறுத்தி, எத்தனை போன்களில் திறக்கலாம் என்பதற்கும் வரம்பு போட்டு, முகப்புத் திரையில் ஒட்டிக் கொடுத்தோம். மாட்டுக்குச் சோளத்தட்டுப் போட்டுவிட்டு வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, கிணற்றில் நீச்சல் பழகும் பேரனின் முகத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்ப்பது அவருக்கு நாள்தோறும் உள்ள வழக்கமாகிவிட்டது. பெரியவர்களைப் படங்களிலிருந்து விலக்கி வைக்கும் பாதுகாப்பு எதுவும் எங்கள் வீட்டில் நீடித்திருக்காது. மறுநாளே யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டிருப்பார்கள்.

வாட்ஸ்அப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2016 முதல் அதில் செய்திகளும் படங்களும் முழுக்கக் குறியாக்கத்தோடுதான் செல்கின்றன, ஆகவே வழியில் எவரும் எட்டிப் பார்ப்பதற்கில்லை. ஆனால் பங்காளிகள் குழுவில் போட்ட ஒரு படம் அத்தனை பேரின் கேலரியிலும் தானாக இறங்கி, அங்கிருந்து அவரவர் பேக்கப்புக்கும் போய்விடுகிறது. யாரோ ஒருவர் அதை ஸ்டேட்டஸில் வைத்தால், அவரோடு ஒருவர் எண்ணை ஒருவர் பதிந்து வைத்துள்ள பால் சொசைட்டிக்காரர், ஏலச்சீட்டு நடத்துபவர், நூல் வியாபாரி என்று எல்லோரும் பார்க்கலாம். 2025 ஏப்ரலில் வந்த மேம்பட்ட அரட்டைத் தனியுரிமை என்ற வசதியைக் குழுவில் போட்டுவிட்டால் படங்கள் தானாக இறங்குவது நின்றுவிடுகிறது. எங்கள் குழுவில் அதைப் போட்டிருக்கிறோம். “இதை நம்ம சொந்தக்காரங்க குரூப்புல போடலாமா கண்ணு?” என்று அம்மா இப்போது கேட்டுவிட்டே போடுகிறார். அந்தக் கேள்வி வீட்டில் பழகிப்போனதை, எந்தச் செயலியும் தராத பெரிய பலனாகக் கருதுகிறேன்.

செயலியால் சிறிதும் தடுக்க முடியாத இடம் விசேஷ வீடு. அண்ணன் மகளின் திரட்டிச் சீருக்கு (பூப்பு நன்னீராட்டு விழாவுக்கு) படம் எடுத்த ஸ்டூடியோ, தன் வேலையைக் காட்டுவதற்காக அவளுடைய படங்களைத் தன் சமூக ஊடகப் பக்கத்தில் எல்லோரும் பார்க்கும்படி போட்டுவிட்டது. எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பள்ளியில் உடன் படிக்கும் பையன்கள் அதைக் காட்டிப் பேசியபோது, “அத்தை, அதை எடுக்கச் சொல்லுங்க” என்று அவள் என்னை அழைத்துச் சொன்ன குரல் இன்னும் எனக்கு வலிக்கிறது. ஒரு பெண் குழந்தையின் உடல் சார்ந்த செய்தியை ஊருக்கெல்லாம் படமாகக் காட்டும் உரிமையை, அட்வான்ஸ் வாங்கிய ஒருவருக்கு யாரும் கொடுத்துவிடவில்லை. பலமுறை பேசிய பின்பே படங்கள் நீங்கின.

அதிலிருந்து, முன்பணம் கொடுக்கும்போதே ரசீதில் எழுதி வாங்குகிறோம்: படங்களை மாதிரிக்கு வைக்கக் கூடாது, நேரலை வேண்டுமென்றால் யூடியூபில் ‘அன்லிஸ்டட்’ முறையில் ஓட்ட வேண்டும், விசேஷம் முடிந்ததும் அதை ‘பிரைவேட்’ ஆக்கிவிட வேண்டும். அன்லிஸ்டட் என்பது தேடலில் வராதே தவிர, லிங்க் கிடைத்த யாரும் பார்க்கலாம் என்பதால்தான் இந்த மூன்றாவது வரி. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதவரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது; 2025 நவம்பரில் அதன் விதிகள் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. வீட்டுத் தேவைக்காகத் தனிநபர் செய்வதற்கு அந்தச் சட்டம் விலக்களிப்பதால், மாமன் வைக்கும் ஸ்டேட்டஸுக்கு மாமனிடம்தான் பேச வேண்டும்.

எங்கள் பக்கத்தில் இன்னொரு கவலையும் உண்டு. ஊரை விட்டு விலகி, வயல்காடுகளுக்கு நடுவே தனித்தனியாக நிற்கும் தோட்டத்து வீடுகளில் தனியே வசித்த முதியவர்கள் நகைக்காகக் கொலையுண்ட நிகழ்வுகள் ஈரோடு, திருப்பூர் மாவட்டங்களில் அண்மை ஆண்டுகளில் நடந்துள்ளன. நகை போட்ட படத்தையும், குடும்பத்தோடு பழனிக்குப் போயிருக்கும் படத்தையும் அன்றைக்கே பொதுவில் வைப்பதை நாங்கள் அடியோடு நிறுத்தியது இதனால்தான். போன் கேமராவில் இருப்பிடப் பதிவு இயங்கினால், படக் கோப்புக்குள்ளேயே அட்சரேகை, தீர்க்கரேகை பதிந்துவிடும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது நீங்கிவிடுகிறது. தரம் குறையக்கூடாதென்று ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் அப்படியே போகிறது. தோட்டத்தில் உள்ள போன்களில் கேமராவுக்கான இருப்பிட அனுமதியை எடுத்துவிட்டோம்.

குறைகளுக்கு வருகிறேன். சாவி நம்மிடம் மட்டுமே இருப்பதால், பாஸ்வேர்டையும் இருபத்து நான்கு சொற்கள் கொண்ட மீட்புச் சாவியையும் தொலைத்துவிட்டால் படங்கள் போனவைதான். எங்கே முறையிட்டும் பயனில்லை. அந்தச் சொற்களைத் தாளில் எழுதி, அப்பாவின் பீரோவில் நிலப் பத்திரங்களோடு ஒன்றும் வங்கி லாக்கரில் ஒன்றுமாக வைத்திருக்கிறோம். முதன்முறை ஏற்றுவதற்குப் பொறுமை வேண்டும். தோட்டத்து சிக்னலை நம்பாமல், ஈரோட்டு வீட்டின் பைபர் இணைப்பில் இரவு முழுக்கச் சார்ஜரில் போட்டு ஏற்றினோம். பதிவிறக்கத்தை நிறுத்தினாலும் திரையைப் படம் பிடிப்பதை எந்த லிங்க்கும் தடுக்காது. ஒரே இடத்தை நம்பவும் கூடாது. கணினிச் செயலி வழியாக எல்லாப் படங்களும் ஒரு ஹார்டு டிஸ்க்கில் இறங்குகின்றன, அது திருப்பூரில் அண்ணன் வீட்டில் இருக்கிறது.

பழைய ஆல்பங்களையும் இதிலேயே சேர்த்து வருகிறோம். அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் அப்பாரு (தாத்தா) மாட்டின் கயிற்றைப் பிடித்து நிற்கும் படத்தை, ஆல்பத்தின் பிசினிலிருந்து மெல்லப் பிரித்து, சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பளபளப்பு விழாமல் எடுத்தோம். இறந்த பெரியவரை நாற்காலியில் உட்கார வைத்து, குடும்பமே சுற்றி நின்று எடுத்த படம் ஒன்றும் கிடைத்தது. அழிக்கக் கூடாது என்றார் அப்பா. குழந்தைகள் கண்ணில் படக்கூடாது என்றாள் தங்கை. மறைத்த படங்களைப் போன் பூட்டைத் திறந்து காட்டினால்தான் செயலி காட்டும் என்பதால், இருவருக்கும் மனக்குறையின்றி அதை அங்கே வைத்தோம்.

நமக்குப் பிறகு நம்பிக்கையான ஒருவர் கணக்கைத் திறந்துகொள்ள வழிசெய்யும் ஏற்பாடும் இதில் உண்டு. அவர் கேட்டு, குறித்த நாட்களுக்குள் நாம் மறுக்காவிட்டால் கணக்கு அவர் கைக்குப் போகும். இப்போதைக்கு அண்ணனைப் போட்டிருக்கிறேன். அவர் மகளுக்குப் பதினெட்டு நிறைந்ததும் அவளைக் கேட்டு, சம்மதித்தால் அவள் பெயரை மாற்றிப் போடுவதாக இருக்கிறோம். அவளுடைய திரட்டிப் படங்களில் எவை இருக்க வேண்டும், எவை வேண்டாம் என்பதையும் அன்றைக்கு அவளே முடிவு செய்வாள்.