இரண்டு பெட்டிகளில் ஒன்று: மரிலியனின் 1985-உம் 1994-உம்

மரிலியன் என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவின் பழைய ஆல்பங்கள் புத்தக வடிவப் பெட்டிகளாக மறுபதிப்புப் பெறத் தொடங்கியபோது, நெடுநாள் ரசிகர்கள் பலரைப் போல நானும் கையிருப்பை எண்ணிப் பார்க்க வேண்டியதாயிற்று. 2017-இல், 1985-இன் ‘மிஸ்ப்ளேஸ்டு சைல்ட்ஹுட்’ வந்தது. அடுத்த ஆண்டு 1994-இன் ‘பிரேவ்’ வந்தது. இரண்டையும் வாங்குவது என் வரவுசெலவுக்குள் அடங்காது என்பதால் ஒன்றைத் தேர்ந்தேன். தேர்ந்தது ‘பிரேவ்’. பெட்டி வீட்டுக்கு வந்து சில ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்தத் தேர்வு சரிதான் என்ற எண்ணம் ஒவ்வோர் ஆண்டும் வலுத்தே வந்திருக்கிறது. அதே இக்கட்டில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்று இரண்டையும் அருகருகே வைத்து எழுதுகிறேன். எனக்குச் சாய்வு உண்டு. அதை மறைக்கப் போவதில்லை.

குழுவை அறியாதவர்களுக்குச் சில வரிகள். இங்கிலாந்தின் எய்ல்ஸ்பரி நகரில் 1970-களின் இறுதியில் தொடங்கிய இக்குழுவில் 1981 முதல் 1988 வரை பாடியவர் ஃபிஷ் என்று அழைக்கப்படும் ஸ்காட்லாந்துக்காரர் டெரெக் டிக். நல்ல உயரமும் கனத்த குரலும், முகத்தில் வண்ணம் பூசி மேடையேறும் பழக்கமும் அவருடைய அடையாளங்கள். 1989-இலிருந்து பாடி வருபவர் ஸ்டீவ் ஹோகார்த். கிதாரில் ஸ்டீவ் ரோதரி, கீபோர்டில் மார்க் கெல்லி, பேஸ் கிதாரில் பீட் ட்ரெவாவாஸ், டிரம்ஸில் இயன் மோஸ்லி ஆகிய நால்வரும் இரண்டு காலத்திலும் அவர்களே. பிரிட்டனின் இசைப் பத்திரிகைகள் தொடக்கத்திலிருந்தே இவர்களைக் காலம் கடந்தவர்கள் என்று ஒதுக்கின. பொதுமக்களில் பெரும்பாலோருக்கு 1985-இன் ஒரே ஒரு பாடலுக்கு மேல் தெரியாது. அதன்பின் குழு கலைந்துவிட்டது என்று நம்புகிறவர்களும் குறைவில்லை. குழுவோ இன்றுவரை இயங்கிக்கொண்டிருக்கிறது.

பெட்டிகளைப் பொறுத்தவரை வெளிப்படையான அம்சங்களில் தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை. இரண்டிலும் நான்கு சிடிகள், ஒரு புளூ-ரே, ஒரு புத்தகம். இரண்டுக்கும் மூல ஒலிநாடாக்களிலிருந்து ஒவ்வொரு கருவியையும் தனித்தனியே எடுத்து, சுற்றிவர ஒலிக்கும்படி புதிதாகக் கலந்து கொடுத்தவர் இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சன். முதல் பெட்டியில் 1985-இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் நடந்த கச்சேரியும், இரண்டாவதில் 1994-இல் பாரிஸின் லா சிகால் அரங்கில் நடந்த கச்சேரியும் முழுதாக உள்ளன. இரண்டு கச்சேரிகளிலும் அந்தந்த ஆல்பம் முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை இடைவிடாமல் வாசிக்கப்பட்டது. ஆகவே தேர்வு ஆல்பத்தைப் பற்றியது; தாளையும் தட்டையும் பற்றியதன்று.

‘மிஸ்ப்ளேஸ்டு சைல்ட்ஹுட்’ ஆல்பத்துக்கு உரிய நியாயத்தை முதலில் செய்துவிடுகிறேன். பெர்லினின் ஹான்ஸா ஒலிப்பதிவுக்கூடத்தில் கிறிஸ் கிம்சியின் தயாரிப்பில் உருவாகி, 1985 ஜூனில் வெளிவந்து, பிரிட்டிஷ் ஆல்பப் பட்டியலில் முதலிடத்துக்குச் சென்ற ஒரே மரிலியன் ஆல்பம் அது. ‘கேய்லி’ பாடல் இரண்டாம் இடத்தைத் தொட்டது; பிரிட்டனில் பல பெண் குழந்தைகளுக்கு அந்தப் பெயரே சூட்டப்பட்டது. நாற்பது நிமிடங்களைச் சற்றே தாண்டும் ஆல்பத்தில் தேவையற்ற நிமிடம் என்று ஒன்றைக் காட்ட முடியாது. முதல் பக்கத்தில் ‘கேய்லி’ முடிந்து ‘லாவெண்டர்’ தொடங்கும் இடத்தில் பியானோ மட்டும் தனித்து நிற்கும் சில நொடிகளை ஆயிரம் முறை கேட்டிருப்பேன். அந்த இடம் இன்னும் பழகிப்போகவில்லை. மார்க் வில்கின்சன் வரைந்த அட்டைப்படத்தில் நிற்கும் சிறுவனை, ராணுவ முரசுக்காரர் உடையோடு, கண்ணை மூடினாலும் என்னால் காண முடியும். இந்தக் குழுவை இன்றுதான் முதன்முதலாகக் கேட்கப் போகிறவர் 1985-இல் தொடங்குவதே நல்லது.

ஆனால் பெட்டி வாங்குகிறவர் புதியவர் அல்லர். அவர் அந்த ஆல்பத்தை ஏற்கெனவே ஒலிநாடாவிலும் சிடியிலும் தேய்த்தவர். அப்படிப்பட்டவர் கேட்க வேண்டிய கேள்வி, இன்னும் இருபது ஆண்டுகளுக்கு எது தன்னோடு வரும் என்பது. நான் முடிவெடுத்தது அந்த ஒரே காரணத்தை வைத்துத்தான் என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

‘மிஸ்ப்ளேஸ்டு சைல்ட்ஹுட்’ இருபதுகளின் நடுவில் இருந்த ஒருவர் தன் தவறிய காதலையும், தொலைந்த பிள்ளைப் பருவத்தையும், புகழ் தந்த களைப்பையும் எழுதியது. நான் அதைக் கேட்டபோது எனக்கும் ஏறக்குறைய அதே வயது. அவர் பாடியது என் வாழ்க்கையாகவே பட்டது. இப்போது அதைக் கேட்டால் எனக்குக் கேட்பது என் பழைய அறையும், அதில் இருந்த இளைஞனும். அது பெரிய இன்பம்தான், மறுக்கவில்லை. ஆயினும் அந்த இன்பம் ஒவ்வொரு முறையும் ஒரே அளவில், ஒரே இடத்திலிருந்து வருகிறது. அதைப் பெறப் புதிய ஒலிக்கலவை தேவைப்படவில்லை. கீறல் விழுந்த என் பழைய சிடியே அதைத் தந்துகொண்டிருக்கிறது.

‘பிரேவ்’ பிறந்த விதமே வேறு. பிரிட்டனின் செவர்ன் ஆற்றுப் பாலத்தில் தனியே திரிந்துகொண்டிருந்த ஓர் இளம்பெண்ணைக் காவல்துறையினர் கண்டெடுத்தார்கள். தான் யார் என்று அவள் சொல்லவில்லை; வாயே திறக்கவில்லை. அவளை அறிந்தவர்கள் யாரேனும் உண்டா என்று வானொலியில் வந்த அறிவிப்பை ஹோகார்த் கேட்டுக் குறித்து வைத்திருந்தார். அந்தப் பெண் பின்னர் குடும்பத்தாரிடம் சேர்ந்துவிட்டாள். அவளைப் பாலம்வரை கொண்டு வந்தது எதுவாக இருக்கலாம் என்று குழுவினர் தாமே கற்பனை செய்ததுதான் ஆல்பம். பிரான்சில் மரூவாத் என்ற பழைய கோட்டையில் தங்கி, டேவ் மீகனின் தயாரிப்பில் வேலையைத் தொடங்கினார்கள். ஒலிப்பதிவு நிறுவனம் விரைவில் முடியும் ஆல்பத்தை விரும்பியது. இவர்களோ ஓராண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டார்கள். 1994 பிப்ரவரியில் வெளிவந்து பத்தாம் இடத்தோடு நின்றது.

குறைகளும் உண்டு. எழுபது நிமிடங்களுக்கு மேல் ஓடும் இதை வேறு வேலை செய்துகொண்டே கேட்க இயலாது. அப்படிக் கேட்டால் மங்கலாக, ஒரே நிறமாகத் தோன்றும். நடுவில் வரும் ‘பேப்பர் லைஸ்’ வேகத்துக்காகச் சேர்க்கப்பட்ட பாடல் என்பது காதுக்கே தெரிகிறது. கதையோடு ஒட்டாமல் நிற்கிறது. முதல் சில முறை கேட்டபோது எனக்கு இந்த ஆல்பம் பிடிக்கவே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இருபத்தைந்து வயதில் இதை நான் அந்தப் பெண்ணின் இடத்தில் நின்று கேட்டேன். வீட்டை வெறுத்து வெளியேறியவளின் கோபம் எனக்குப் புரிந்தது. இப்போது என் மகளுக்கு 16 வயது. ‘ரனவே’ பாடல் வரும்போது நான் கதவுக்கு உட்புறம் நிற்கிறவனாகக் கேட்கிறேன். அவள் வெளியேறிய அன்று அந்த வீட்டில் யார் என்ன பேசாமல் விட்டார்கள் என்றே மனம் ஓடுகிறது. பாட்டில் ஒரு சொல்லும் மாறவில்லை. பாட்டுக்குள் நான் நிற்கும் இடம் மாறிவிட்டது. அந்த மாற்றத்துக்கு ஆல்பத்தில் முன்பே இடம் இருந்திருக்கிறது. ஒரு பெட்டிக்குப் பெருந்தொகை கொடுப்பதென்றால், இப்படி இடம் வைத்திருக்கும் ஒன்றுக்குக் கொடுப்பதே தகும் என்பது என் கட்சி.

இதை நான் முதலில் உணர்ந்தது நண்பர் ஒருவரின் வீட்டில். அவரிடம் 1994-இல் வந்த இரட்டை எல்பி இசைத்தட்டு இருக்கிறது. அதன் நான்காம் பக்கத்தில், ஊசி ஓடும் வழக்கமான ஒற்றைச் சுருள் பள்ளத்துக்குப் பதிலாக இரண்டு சுருள்கள் ஒன்றையொன்று தொடாமல் அருகருகே ஓடுகின்றன. விளிம்பில் ஊசி எந்தக் கோட்டில் விழுகிறதோ அதற்கேற்பக் கதை முடியும். ஒன்றில் ‘மேட் அகெய்ன்’ என்ற பாடல் காலை வெளிச்சம் போல வந்து அவளை வீட்டுக்கு அழைத்துச் செல்லும். மற்றதில் அந்தப் பாடலே இல்லை, தண்ணீரின் ஓசை மட்டும் இருக்கும். அன்று அந்தப் பக்கத்தை மூன்று முறை போட்டோம். முதல் இரண்டு முறையும் தண்ணீர். நண்பர் மூன்றாம் முறை ஊசியை இறக்கும்போது அவர் விரல் நடுங்கியதைப் பார்த்தேன். மெல்லிய கிதார் தொடங்கியதும் இருவருமே மூச்சு விட்டோம். ஏற்கெனவே நூறு முறை கேட்ட கதையின் முடிவுக்கு அப்படிக் காத்திருந்தது அதற்கு முன் எனக்கு நேர்ந்ததில்லை.

குழுவின் பிற்கால வரலாறும் என் தேர்வுக்குத் துணை நிற்கிறது. முதலிடம் பிடித்த ஆல்பம் கூட்டத்தைக் கொண்டு வந்தது. ‘பிரேவ்’ அந்தக் கூட்டத்தில் யார் தங்குவார்கள் என்று பிரித்துக் காட்டியது. 1995-க்குப் பின் பெரிய நிறுவனத்தின் ஆதரவு போயிற்று. 1997-இல் அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்குப் பணமில்லை என்று தெரிந்ததும், அங்குள்ள ரசிகர்கள் தாமாகவே ஏறத்தாழ 60,000 டாலர் திரட்டிக் குழுவை வரவழைத்தார்கள். அந்த நம்பிக்கையில், 2001-இல் வெளிவந்த ஆல்பத்துக்கு அது எழுதப்படும் முன்பே முன்பணம் கேட்டபோது 12,000-க்கும் மேற்பட்டோர் கட்டினார்கள். கூட்டு நிதி என்ற சொல் ஊரெங்கும் புழங்குவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. 2004-இன் ‘மார்பிள்ஸ்’ ஆல்பத்தின் சிறப்புப் பதிப்பில், முன்பணம் கட்டியவர்களின் பெயர்கள் பக்கம் பக்கமாகப் பொடி எழுத்தில் அச்சாகியுள்ளன; உருப்பெருக்கிக் கண்ணாடி இல்லாமல் படிப்பது கடினம். 2022-இல் வந்த ஆல்பம் பிரிட்டிஷ் பட்டியலில் இரண்டாம் இடத்துக்கு ஏறியது. 1987-க்குப் பின் அவர்கள் எட்டிய உயர்ந்த இடம் அதுவே. இந்த நீண்ட உறவுக்கு விதை 1994-இல் விழுந்தது என்றே நான் எண்ணுகிறேன். 1985-இல் சேர்ந்து இன்றுவரை விலகாதவர்கள் இதை மறுக்கலாம். அவர்கள் மறுப்பிலும் நியாயம் இருக்கும்.

என் அனுபவம் மெலிந்த இடங்களையும் சொல்ல வேண்டும். ஃபிஷ் இந்தக் குழுவோடு பாடியதை நான் நேரில் பார்த்ததில்லை. பார்த்தவர்களுக்கு உட்ரெக்ட் கச்சேரிப் பதிவின் மதிப்பு எனக்குத் தோன்றுவதைவிடப் பன்மடங்கு இருக்கக்கூடும். என் வீட்டில் இருப்பவை இரண்டு ஒலிபெருக்கிகள் மட்டுமே. சுற்றொலிக் கலவையை நண்பர் வீட்டில் இரண்டே முறை கேட்டேன். ‘பிரேவ்’ தொடக்கத்தில் ஆற்றின் மூடுபனிக்குள்ளிருந்து வருவது போன்ற ஊதல் ஒலி முதுகுப்புறத்திலிருந்து கேட்டபோது சிலிர்த்தது உண்மை. ஆனால் இரண்டு முறை கேட்டதை வைத்து, சுற்றொலியில் இது அதைவிட மேல் என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் துணிவில்லை. ஒலிப்பதிவின் வளர்ச்சியை முதல் வரைவிலிருந்து பின்தொடர விரும்புகிறவர்களுக்கு 1985 பெட்டியில் உள்ள ஒத்திகைப் பதிவுகள் கூடுதல் தீனி. மறுவிற்பனையை எண்ணி வாங்குகிறவருக்கு இந்தக் கட்டுரை உதவாது; நான் விற்கப் போவதில்லை.

‘பிரேவ்’ பெட்டியை வாங்குகிறவர் புளூ-ரேயிலோ கச்சேரித் தட்டிலோ தொடங்க வேண்டாம். வீட்டில் எல்லோரும் உறங்கிய பின், வில்சனின் இரு தட (ஸ்டீரியோ) ஒலிக்கலவையை முழுதாக ஒருமுறை கேளுங்கள். அதற்குமுன் புத்தகத்தைத் திறக்காதீர்கள். லா சிகால் கச்சேரியைச் சில நாள் கழித்து எடுக்கலாம். ‘மேட் அகெய்ன்’ தொடங்கும்போது அந்தக் கூட்டம் எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்பது, ஆல்பத்தை முன்பே முழுதாகக் கேட்டவருக்குத்தான் பிடிபடும்.