லுட்டீன் மாத்திரை: டப்பா சொல்வதும் ஆய்வு சொல்வதும்

மதுரை கோரிப்பாளையத்தில் ராஜாஜி ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள மெடிக்கல்களிலும் சரி, அண்ணா நகர்ப் பக்கமும் சரி, லுட்டீன் (கீரைகளில் உள்ள மஞ்சள் நிறமி) கலந்த கண் சத்து மாத்திரையைச் சீட்டு இல்லாமலே வாங்கலாம். டப்பா முகப்பில் ‘ஆய்வில் நிரூபிக்கப்பட்டது’ என்றோ ‘ஆரெட்ஸ் 2 ஃபார்முலா’ என்றோ இருந்தால் நம்பிக்கை கூடிவிடுகிறது. ஆரெட்ஸ் என்பது வயதானவர்களின் கண் நோய் பற்றிய உண்மையான ஆய்வு, நல்ல ஆய்வும்கூட. அந்த ஆய்வில் கொடுத்த மாத்திரைதானா இந்த டப்பாவில் இருக்கிறது என்பதுதான் பார்க்கவேண்டியது.

முதல் ஆரெட்ஸ் ஆய்வை அமெரிக்காவின் தேசியக் கண் நிறுவனம் நடத்தி 2001-ல் முடிவை வெளியிட்டது. 55 முதல் 80 வயது வரையுள்ள 3,640 பேர். யாருக்குச் சத்து மாத்திரை, யாருக்கு வெற்று மாத்திரை என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்து, சராசரியாக 6 ஆண்டுக்கு மேல் கவனித்தார்கள். முக்கியமாகப் பார்த்த நோய்: வயதானவர்களுக்கு விழித்திரையின் நடுப்பகுதியான மாகுலா கெடும் மாகுலர் சிதைவு. நோய் நடுக்கட்டத்தையாவது எட்டியவர்களில், வெற்று மாத்திரை சாப்பிட்ட 100 பேரில் 28 பேருக்கு 5 ஆண்டில் நோய் முற்றியது. எல்லாச் சத்தும் சேர்ந்த முழுக் கலவை சாப்பிட்டவர்களில் 100-க்கு 20 பேருக்கு முற்றியது. இதைத்தான் ‘கால்வாசி ஆபத்து குறையும்’ என்கிறார்கள். பொய்யில்லை. ஆனால் 100 பேர் 5 வருஷம் தினமும் விழுங்கினால் 8 பேருக்கு நோய் முற்றாமல் நிற்கிறது என்று சொன்னால்தான் செலவையும் பலனையும் எடைபோட முடியும். தொடக்கநிலையில் இருந்தவர்களில் 100-க்கு 1.3 பேருக்குத்தான் அந்த 5 ஆண்டில் முற்றியது. அவர்களுக்கு மாத்திரை உதவியதாகக் காட்ட வழியே இல்லை. கண்புரையை அது தடுக்கவில்லை. கண்ணாடி பவர் குறையுமா, செல்போன் பார்த்து வரும் எரிச்சல் போகுமா என்பதெல்லாம் அந்த ஆய்வின் கேள்வியே அல்ல.

அடுத்து டப்பாவைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள். ஆய்வில் ஒரு நாளுக்குக் கொடுத்த அளவு: வைட்டமின் சி 500 மில்லிகிராம், வைட்டமின் ஈ 400 ஐ.யூ., ஜிங்க் 80 மில்லிகிராம், காப்பர் 2 மில்லிகிராம். பீட்டா கரோட்டினும் இருந்தது; அதைக் கடைசியில் பார்ப்போம். 2013-ல் வந்த இரண்டாவது ஆய்வான ஆரெட்ஸ் 2-ல் லுட்டீன் 10, அதே வகை நிறமியான சியாசாந்தின் 2 மில்லிகிராம் சேர்த்தார்கள். லுட்டீன் மட்டும் சரியாக 10 இருந்து, ஜிங்க்கும் வைட்டமின் சி-யும் பத்தில் ஒரு பங்குதான் என்றால் அது வேறு மாத்திரை. ஆய்வின் பெயரை அதற்குச் சூட்டுவது நியாயமில்லை. எழுதியிருப்பது ஒரு மாத்திரைக்கான அளவா, இரண்டுக்கா என்பதையும் பாருங்கள். ஜிங்க் இவ்வளவு அதிகம் இருந்து காப்பர் இல்லாவிட்டால் எடுக்காதீர்கள். அளவு மீறிய ஜிங்க், குடல் காப்பரை உறிஞ்சவிடாமல் செய்து ரத்தசோகையில் கொண்டுபோய் விடும். காப்பரைச் சேர்த்ததே அதற்காகத்தான்.

இரண்டாவது ஆய்வின் முதன்மை முடிவை டப்பாக்கள் சொல்வதில்லை: பழைய கலவையோடு லுட்டீனைச் சேர்த்ததால் கூடுதல் பலன் தெளிவாகத் தெரியவில்லை. உணவில் லுட்டீன் மிகக் குறைவாகப் பெற்ற ஐந்தில் ஒரு பங்கினரைத் தனியே பிரித்துப் பார்த்தபோதுதான் பலன் தென்பட்டது. இப்படிப் பிரித்தெடுக்கும் முடிவு ஒரு துப்பு மட்டுமே, நிரூபணம் ஆகாது. முருங்கைக்கீரை, பொன்னாங்கண்ணி வாரம் பலமுறை சமைக்கிற வீட்டை அந்தக் கடைசி ஐந்தில் ஒன்றோடு சேர்க்கவும் முடியாது.

சில கம்பெனிகள் சொந்த ஆய்வு என்று துண்டுப் பிரசுரம் தருவதுண்டு. 40 பேர், 3 மாதம், ‘மாகுலாவின் நிறமி அடர்த்தி கூடியது’ என்றிருந்தால், பார்வை காப்பாற்றப்பட்டதா என்பதற்கு அதில் பதில் இல்லை. இந்தியாவில் நடந்தது என்றால் மருத்துவ ஆய்வுகளைப் பதியும் சி.டி.ஆர்.ஐ. பதிவேட்டில் இலவசமாகத் தேடலாம். முன்கூட்டிப் பதிந்ததா, பின்னர் பதிந்ததா என்று அங்கேயே போட்டிருக்கும். பதிவில் முதலில் குறித்த அளவுகோலும் கட்டுரையில் பெருமையாகச் சொல்வதும் வேறாக இருந்தால், முடிவு தெரிந்தபின் இலக்கை நகர்த்தியிருக்க வாய்ப்பு உண்டு.

சத்து மாத்திரை ஆய்வு என்றாலே ஏமாற்று என்று ஒதுக்கவும் கூடாது. மதுரை அரவிந்த் மருத்துவர்கள் பங்கேற்று 1990-ல் வெளியான ஆய்வில், திருச்சி மாவட்டத்தில் 15,419 சிறு குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு ஓராண்டு வாராவாரம் சிறு அளவு வைட்டமின் ஏ கொடுத்தார்கள். அவர்களிடையே இறப்பு 54 சதவீதம் குறைந்தது. எண்ணியது உயிரை, ரத்தத்தில் ஏதோ ஓர் அளவை அல்ல. கொடுத்ததும் அந்தச் சத்து குறைவாக இருந்த குழந்தைகளுக்கு.

டப்பாவில் இருக்கும் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் உணவு உரிமம் மட்டுமே. பலனுக்கு அது சான்று ஆகாது.

சொட்டு மருந்து ஊற்றிக் கண்ணைப் பரிசோதித்த டாக்டர் ‘மாகுலர் சிதைவு, நடுக்கட்டம்’ என்று எழுதியிருந்து, அளவுகளும் பொருந்தினால் வாங்கலாம். மற்றவர்களுக்குச் செலவுதான் மிச்சம். பீடி, சிகரெட் பிடிப்பவர்களும் முன்பு பிடித்து விட்டவர்களும் பட்டியலில் பீட்டா கரோட்டின் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். ஃபின்லாந்தில் 29,133 ஆண் புகைப்பவர்களிடம் நடத்தி 1994-ல் வெளியான ஆய்வில், தினம் 20 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது. இரண்டாவது ஆரெட்ஸிலும் அதை எடுத்தவர்களிடம், பெரும்பாலும் புகையை விட்டவர்களிடம், அதே நோய் கூடுதலாகத் தெரிந்தது. அது கலந்த டப்பா என்றால் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.